அக்காவின் கப்பலில் நான் ஒட்டிய யாளி

நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் விளையும், செஞ்சிப் பக்கத்து வல்லத்தில், எங்கள் வீட்டின் தலைப்பிள்ளையாகப் பிறந்தவர் அக்கா. நைனா என்று நாங்கள் அழைத்த அப்பா தவறியபோது அக்கா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, அம்மாவையும் என்னையும் செஞ்சிக்கு அழைத்து வந்து, டியூஷன் எடுத்தே தன் படிப்பை முடித்துக் கணித ஆசிரியை ஆனார். எனக்குப் பெண் பார்த்து மணம் முடித்து வைத்தவரும் அவரே. தன் கல்யாணப் பேச்சை மட்டும் சிரித்தே தள்ளிவிட்டார். இதெல்லாம் உறவினர்கள் அறிந்தவைதான். அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் உங்கள் கைக்கு வரும் இந்த நினைவு மலரில், நீங்கள் அறியாத ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. எழுத வெட்கமாக இருக்கிறது.

அக்காவுக்குப் பழைய போர்க்கப்பல்கள் மீது பித்து. செஞ்சிக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஜன்னல் வழியே கோட்டையைக் காட்டுவார். இதைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் கப்பலில்தானே வந்தார்கள் என்பார். அந்தக் கப்பல்களைச் சிறிய உருவில், அளவு விகிதம் மாறாமல் செய்வது அவர் ஆசை. முதல் கப்பலுக்குப் பீரங்கியின் அளவு தெரியவில்லை. கோட்டையின் ராஜகிரி மலை மேல் பீரங்கி கிடக்கும்போது வேறெங்கே தேடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மலை ஏறினோம். அளக்கும் டேப்பின் மறுமுனையைப் பிடித்தவன் நான். அந்த அளவைச் சுருக்கி, இருபக்கமும் வரிசையாகப் பீரங்கிகளை வைத்து, கப்பலைத் தன் பள்ளிக்கே கொடுத்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். செஞ்சிக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

மேலும் படித்த பிறகுதான் அக்காவுக்குப் புரிந்தது. மலை உச்சியில் கிடக்கும் பீரங்கி வேறு, கப்பல் தாங்கும் பீரங்கி வேறு. அவ்வளவு கனத்தை வரிசையாக ஏற்றினால் கப்பல் துறைமுகத்தைத் தாண்டாது.

“வுடுக்கா, எவனுக்குத் தெரியப்போவுது?” என்றேன்.

“எனக்குத் தெரியுதேடா” என்றார்.

மறுநாள் காலை இறைவணக்கக் கூட்டத்தில், எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் நின்று, “அது தப்பான கப்பல். தெரியாதத தெரிஞ்ச மாதிரி செஞ்சிட்டேன். யாரும் அத நம்பிடாதீங்க” என்று சொல்லிவிட்டு, கப்பலைப் பெட்டியோடு ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை.

அடுத்த கப்பலுக்குப் பல ஆண்டுகள் ஆயின. கடலூருக்கு எதிரே ஆங்கிலேயர்களோடு மோதிய பிரெஞ்சுக் கப்பல்களில் ஒன்று அது. கப்பல் உருவம் செய்வோரின் இணையக் குழுவில் அக்கா சேர்ந்தார். பிரெஞ்சு தெரிந்த புதுச்சேரிப் பெரியவர் ஒருவர் அங்கே நண்பரானார். பழைய வரைபடங்களை அவர் தேடி அனுப்புவார். அக்கா தேக்குச் சீவல்களை ஒட்டி, தையல் நூலுக்கு மெழுகு தடவிப் பாய்மரங்களுக்குக் கயிறு கட்டுவார். ஆதாரம் இல்லாமல் ஓர் ஆணிகூட அடிக்கமாட்டார். அக்கா செய்தால் சரியாக இருக்கும் என்று அந்தக் குழுவில் பெயர் ஏற்பட்டது. கப்பலின் பின்முகப்பு மட்டும் வெறும் பலகையாகவே நின்றது. அங்கே கப்பலுக்குக் கப்பல் வேறு வேறு சிற்ப வேலை இருக்குமாம். இந்தக் கப்பலுக்குரிய படம் கடைசிவரை அகப்படவில்லை.

விழுப்புரம் மருத்துவமனையில் படுத்திருந்தபோதும் அதே நினைப்புதான். “படம் கெடைக்கலன்னா அப்டியே இருக்கட்டும்டா. யாரும் கைய வெக்காதீங்க” என்றார். சரிக்கா என்று தலையாட்டினேன். அந்த வாரமே எங்களை விட்டுப் போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்த சித்தப்பா கப்பலைச் சுற்றிப் பார்த்தார். “இன்னாடா, பின்னாடி மொட்டையா இருக்குது? பாவம், முடிக்காமலே பூட்டாளே. நீயாச்சும் முடிச்சி வுடு, அவ மனசு ஆறும்” என்றார். அன்பால் சொன்னவர்மேல் குறையில்லை. அக்காவின் சொல்லைக் காதால் கேட்டவன் நான். ஆனால் அரைகுறைக் கப்பலைப் படையலில் வைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. தேர்ச் சிற்பம் செதுக்கும் தச்சர் ஒருவரிடம் சொல்லி இரண்டு யாளி முகமும் நடுவே ஒரு தாமரையும் வாங்கி, நானே பசை போட்டு ஒட்டினேன். பதினாறாம் நாள் வந்த நீங்கள் எல்லோரும் அதை மெச்சினீர்கள்.

புதுச்சேரிப் பெரியவரும் வந்திருந்தார். கப்பலுக்குப் பின்னால் வெகுநேரம் நின்றார். “இது அவங்க செஞ்சதா தம்பி?” என்று கேட்டார்.

“ஆமா சார், முடிச்சிட்டுதான் போனாங்க” என்றேன். நாக்கூசாமல் சொன்னேன்.

அவர் எடுத்த படம் குழுவுக்குப் போனது. சில மாதங்கள் கழித்துப் போன் செய்தார். வெளிநாட்டில் ஒருவர் தன் கப்பலிலும் யாளி செதுக்கத் தொடங்கிவிட்டாராம். ஆதாரம் இல்லாமல் அக்கா வைத்திருக்கமாட்டார் என்று எழுதியிருக்கிறாராம். பெரியவர் அதைப் பெருமையோடு படித்துக் காட்டினார். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

இந்த மலருக்காக உட்கார்ந்து, ‘பொய் அறியாதவர் எங்கள் அக்கா’ என்று எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. பெரியவரைப் போனில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“யாளியப் பாத்ததுமே சந்தேகம் வந்துச்சி தம்பி. அவங்க வேலைன்னு நீங்க சொன்னதால, என் கண்ண நான் நம்பல” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றே அவர் குழுவில் திருத்தம் எழுதிவிட்டார். அங்கே அக்காவின் பெயர் மீண்டுவிட்டது. உங்கள் முன்னால் அதை மீட்க வேண்டியவன் நான். அன்று பள்ளிக் கூட்டத்தில் அக்கா நின்றதுபோல இன்று நிற்கிறேன். அந்த யாளி தப்பு. அதை அக்கா செய்யவில்லை. யாரும் அதை நம்பிவிடாதீர்கள்.

நோயில் அக்காவைத் தாங்கிய செவிலியர்களுக்கும், உடன் பணியாற்றிய ஆசிரியர்களுக்கும், இறுதிவரை தோள் கொடுத்த உறவினர்களுக்கும், என் பொய்யைப் பொறுத்த பெரியவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்று அக்காவின் படத்தருகே கப்பல் இருக்கிறது. யாளியைப் பெயர்த்தபோது பலகையில் கொஞ்சம் சிராய்ப்பு விழுந்துவிட்டது. பின்னால் ஏன் மொட்டை என்று பிள்ளைகள் கேட்டால், முடிக்காமல் போனார் என்று சொல்லாதீர்கள். அந்த வெறும் பலகை அக்கா வைத்தது. அதன் மேலுள்ள பசைக் கறை நான் வைத்தது.