பதினான்கு அட்டவணைகளை ஒன்றாக்கிய முத்துப்பேச்சி

காமயகவுண்டன்பட்டி முத்துப்பேச்சி புள்ளியியலில் பட்டம் பெற்றவர். 2006ஆம் ஆண்டில், உத்தமபாளையத்தில் இருந்த சிறிய ஆய்வு மையம் ஒன்றில் ஆறு மாத ஒப்பந்தத்தில் கணினி வேலை பார்த்தார். ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடியவிருந்தது. அதை நீட்டிப்பதும் நிறுத்துவதும் மையத் தலைவர் தங்கப்பாண்டியனின் கையில் இருந்தன.

மையம் அப்போது அனுமந்தன்பட்டியில் நூற்றிருபது வீடுகளில் ஓர் ஆய்வை முடித்திருந்தது. கணவரிடம் தனியாகவும் மனைவியிடம் தனியாகவும் பதினான்கு கேள்விகள். திராட்சைக் கொடிக்கு எந்த மருந்து அடிப்பது, பழத்தை எந்த வியாபாரிக்குக் கொடுப்பது, மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்பவற்றை முடிவு செய்பவர் யார்? 'நான்' என்றால் படிவத்தில் ஒன்று. 'என் துணை' என்றால் இரண்டு. கேள்விக்கு ஒன்றாகப் பதினான்கு குறுக்கு அட்டவணைகளை முத்துப்பேச்சி அச்சிட்டுக் கொடுத்தார். தாள்களைப் புரட்டிய தங்கப்பாண்டியனுக்கு எதுவும் உறுத்தவில்லை.

"சென்னையில இருந்து ஆய்வப் பாக்க வர்றவக எல்லாத்தையும் ஒரே தாள்ல கேக்குறாகம்மா" என்று மட்டும் சொன்னார்.

முத்துப்பேச்சி மென்பொருளில் பதினான்கு கேள்விகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக இட்டார். மேலே கணவர், மனைவி என இரு பிரிவுகள். ஒவ்வொன்றின் கீழும் 'நான்', 'என் துணை'. எண்ணிக்கையை விலக்கிச் சதவீதத்தைக் கேட்டார். பதினான்கு தாள்கள் ஒரு தாளாயின. ஊரின் குட்டும் வெளிப்பட்டது. பதின்மூன்று வரிசைகளில், ஏறத்தாழ எல்லாக் கணவர்களும் 'நான்' என்றிருந்தார்கள். ஏறத்தாழ எல்லா மனைவியரும் 'நான்' என்றிருந்தார்கள். தண்ணீர் வராமற்போன ஆழ்துளைக் கிணற்றைப் போடச் சொன்னவர் யார் என்ற வரிசையில் மட்டும், இரு தரப்பாரும் ஒரே குரலில் 'என் துணை' என்றிருந்தார்கள்.

"ஏத்தா, பொம்பளைக ஃபாரத்துல ஒண்ணையும் ரெண்டையும் மாத்தி அடிச்சிட்ட!" என்றார் தங்கப்பாண்டியன். "மாத்திப் பாரு, எல்லாம் அச்சா பொருந்தும். முடிவெல்லாம் ஆம்பள, போர் போட்டது மட்டும் பொம்பள."

உண்மையிலேயே பொருந்திற்று. அதுதான் முத்துப்பேச்சிக்கு வந்த ஆபத்து. படிவங்களை எடுத்து வந்து காட்டினார், தட்டச்சில் பிழையில்லை.

"அப்ப ஃபாரத்துலயே தப்பா எழுதிட்டாக. மாத்திப்புடு. இல்லாட்டி மதுரையில வேற ஆளுகிட்டக் குடுத்து மாத்திக்கிறேன். அடுத்த மாசம் நீயும் வர வேணாம்."

"மாத்திருவோம் சார். அதுக்கு முன்னால ஒரே ஒரு வீட்டுல கேட்டுப் பாப்போமா? உங்க தோட்டத்துலயும் போர் போட்டீகல்ல, அது யாரு முடிவு?"

"என் சம்சாரந்தான். வேணாம் வேணாம்னேன், கேட்டாத்தானே."

முத்துப்பேச்சி மேசைத் தொலைபேசியில் அவர் வீட்டு எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கிப் பொத்தானையும் அழுத்தினார். அவருடைய மனைவி ஹேமாவதி எடுத்தார்.

"அக்கா, ஆபீஸ்ல இருந்து முத்துப்பேச்சி. ஒரு சர்வே. உங்க தோட்டத்துல போர் போடச் சொன்னது யாருக்கா?"

"நானா சொன்னேன்? அவுகதான் தண்ணி பாக்குறேன்னு உள்ளங்கையில தேங்காய வச்சுக்கிட்டு தோட்டம் பூராம் நடந்தாக. 'தேங்கா நிமிருது, இங்கன போடு'ன்னாக. எழுநூறு அடிக்கும் புழுதிதான் வந்துச்சு!"

அடுத்த அறையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

"மத்த முடிவெல்லாம் யாருக்கா?"

"வேற யாரு, நாந்தேன். அவுகள்ட்டக் கேட்டா, அவுகதான்னு சொல்லுவாக. சொல்லிட்டுப் போகட்டும்."

தங்கப்பாண்டியன் தாமே எழுந்து இணைப்பைத் துண்டித்தார். புள்ளியியலில் முனைவர் பட்டம் பெற்றவர்; தேங்காயைப் பற்றி மையத்தில் ஒருவருக்கும் அதுவரை தெரியாது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அட்டவணையை இன்னொரு முறை படித்தார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒப்பந்தத் தாளை எடுத்து, ஆறு மாதம் என்பதை அடித்து ஓராண்டு என்று எழுதி, கையொப்பமிட்டு நீட்டினார்.

"அட்டவணை இப்படியே போகட்டும்" என்றார். "நம்ம வீடு அந்த நூத்திருபதுல இல்லேல்ல?"

"இல்ல சார். சேக்கணுமா?"