இரண்டு பக்கமும் எழுந்த அலை

ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தொப்பிக்காரி என்று பெயர். பதினெட்டு வருஷமாகக் கண்டவர் தலையிலும் கம்பித் தொப்பி மாட்டி, ஓட்டைக்கு ஓட்டை ஜெல் விட்டு, மூளையின் அலைகளைப் பதிவெடுக்கிறாள். தொப்பியைக் கழுவுவதும் அவள் தலையில்தான் விடியும். பொடுகும் எண்ணெய்ப்பிசுக்கும் ஜெல்லோடு சேர்ந்து விரலில் வழவழக்கும்போது குமட்டிக்கொண்டு வரும். வீட்டிலும் ஸ்பூனால்தான் சாப்பிடுகிறாள் என்று வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஜெல் அதிகமானால் ஓர் ஓட்டையிலிருந்து இன்னொன்றுக்கு வழிந்து, இரண்டிலும் ஒரே அலையைக் காட்டும். வலது விரலைத் தட்டினால் மூளையின் இடது பக்கத்தில்தான் மாற்றம் பெரிதாகத் தெரிய வேண்டும். இரண்டு பக்கமும் எழுந்தால், 'ஜெல் வழிந்தது' என்று நோட்டில் எழுதி அந்தப் பதிவை அழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் டாக்டருக்கு அனுப்புவாள். அவளிடம் மறுபேச்சுக்கே இடமில்லை.

அன்று வந்தவள் அட்டைப்பெட்டி மடிக்கும் கம்பெனியில் இருந்தவள். வலது கை மடித்தால் இடது கையும் தானாக மடிக்கப் போய்ப் பெட்டி நசுங்குமாம். வேண்டுமென்றே செய்கிறாள் என்று மேலாளர் நிறுத்திவிட்டார். நோய்தான் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால் வேறு வேலையிலாவது சேர்த்துக்கொள்வார்களாம்.

வலது விரலைத் தட்டினாள். இரண்டு பக்கமும் அலை. வழக்கமாக அழிப்பதோடு சரி; அன்று கூட்டமில்லாததால் தொப்பிக்காரி முகத்தைச் சுளித்துக்கொண்டு எல்லாவற்றையும் கழுவி, இந்த முறை சொட்டுச் சொட்டாக ஜெல் விட்டாள். மறுபடியும் இரண்டு பக்கமும். குனிந்து பார்த்தால், மடியில் இடது விரலும் கூடவே தட்டிக்கொண்டிருந்தது.

டாக்டர் ஸ்கேனைக் கொண்டுவந்து காட்டினார். மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கட்டு இவளுக்குப் பிறவியிலேயே வளரவில்லை. ஒரு பாதி கையை அசைக்கும்போது மறுபாதியைச் சும்மா இருக்க வைப்பதில் அந்தக் கட்டுக்குப் பங்குண்டு. பதிவு சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்.

தொப்பிக்காரிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "முன்னாடியே வந்திருந்தா வேலை போயிருக்காதேம்மா."

"வந்தேனேக்கா. போன வருஷம் நீங்கதான் இதை மாட்டிவிட்டீங்க. ஒண்ணுமில்லைன்னு சீட்டு குடுத்தாங்க. அதைக் காட்டித்தான் என்னை நிறுத்தினாங்க."

அவளை அனுப்பிவிட்டுப் பழைய நோட்டைப் புரட்டினாள். இருந்தது. 'ஜெல் வழிந்தது. அழிக்கப்பட்டது.' அடுத்த பக்கத்திலும் அதே வரி. அதற்கடுத்த பக்கத்திலும். அவர்களெல்லாம் யாரோ, எங்கே இருக்கிறார்களோ.

தொப்பியைக் கழுவப் போனவள், எழுதிய கையைத்தான் வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அருவருப்பு போகவில்லை.