மேற்குப் பாதி, கிழக்குப் பாதி

என் அத்தை வேலுத்தாய் ராசிங்காபுரத்தில் பிறந்து, குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டவர். மாமா இறந்த பிறகும் அதை விடவில்லை. தோட்டம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு பெரிய மரம், அதன் அடியில் ஏலச்செடிகள், ஓரத்தில் தகரக்கூரை வீடு. மரத்துக்குப் பெயர் மரம். அதன் இரண்டு லத்தீன் பெயர்களில் எதை எழுதினாலும் யாராவது கோபித்துக்கொள்வார்கள் என்பதால் இரண்டையும் இங்கே எழுதவில்லை.

ஏலத்துக்கு நிழல் வேண்டும். நிழல் கூடினால் அழுகிவிடும். அதனால் ஒவ்வொரு கோடையிலும், மழை பிடிப்பதற்கு முன், தோட்டத்து வேலையாள் மொக்கையன் அரிவாளோடு ஏறிக் கிளைகளைக் கழிப்பார். வெட்டிய இடத்தில் துளிர் வரும். அடுத்த கோடையில் அதையும் கழிப்பார்.

எழுபதுகளின் நடுவில் மதுரையிலிருந்து ராஜாராம் என்ற தாவரவியல் பேராசிரியர் வந்து, ஒரு கொத்து இலை கேட்டார். மொக்கையன் கைக்கெட்டிய துளிரை ஒடித்துக் கொடுத்தார். இலையின் ஓரம் ரம்பம் போலிருந்தது, அடியில் ரோமம். கேரளப் பக்கம் இதே போன்ற மரம் உண்டு. அதன் இலை வழுவழுப்பு. ஆகவே இது புது இனம் என்று ராஜாராம் எழுதினார்.

அதைப் படித்துவிட்டுக் கோயம்புத்தூரிலிருந்து பேராசிரியர் காமராஜ் வந்தார். மொக்கையனை உச்சிக்கு ஏற்றி ஒரு கொத்து இறக்கினார். ரம்பமும் இல்லை, ரோமமும் இல்லை. வெட்டுப்பட்ட மரம் துளிர்க்கும்போது இலை மாறித்தான் வரும், இது பழைய இனமே என்று அவர் எழுதினார்.

பூவைப் பார்த்தால்தான் முடிவு என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். முற்றிய கிளையில்தான் பூ வரும். உச்சியில் தப்பிய ஒன்றிரண்டு கொத்து தவிர, பூக்கிற அளவுக்கு முற்றிய கிளை நிற்க மொக்கையன் விட்டதில்லை. ஆகவே இருவரும் ஒரே ஜீப்பில், ஒருவரோடொருவர் பேசாமல் வந்து சேர்ந்தார்கள்.

“ரெண்டு கோடைக்கு வெட்டாம விடுங்கம்மா,” என்றார் ராஜாராம்.

“ஏலம் என்னாகும் சாரே?”

“கொஞ்சம் பாதிக்கும். புது இனம்னு முடிவாச்சுன்னா ஒங்க பேரையே வைக்கிறேன்.”

“எம் பேரு வேணாம். வெட்டுறப்ப ஒரு மாதிரியா இருக்கும்.”

ஆனால் அத்தை ஏற்கெனவே காபி கொடுத்துவிட்டார். வீட்டில் காபி குடித்த ஆளிடம் முடியாது என்று சொல்லும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. சம்மதித்தார்.

மரம் அடர்ந்தது. முதல் மழையில் செடிகள் கருத்தன. இரண்டாம் மழையில் நாறின. போடி ஏல மையத்துக்கு அந்த வருடம் அத்தை எடுத்துப்போக மூட்டையே இல்லை.

“ஆத்தா, மத்தியானமே வெளக்குப் பொருத்தணும் போல இருக்கே,” என்றார் மொக்கையன்.

“ஒனக்குச் சோலி இல்லைன்னு பேசாதடா.”

“சோலி இல்லைதான். செடியும் இல்லையே ஆத்தா.”

அடுத்த கோடையில் பூத்தது. மிளகைவிடச் சற்றே பெரிய பூ. பேராசிரியர்கள் லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள். கேரளத்துப் பூவைவிட இதழ் குட்டை. ராஜாராமுக்கு அது போதும்.

“அண்ணன் தம்பிக்கு மூக்கு ஒண்ணு போலவா இருக்கு?” என்றார் காமராஜ்.

“அப்ப எவ்வளவு வித்தியாசம் இருந்தா வேற இனம்னு ஒத்துக்குவீங்க?”

“நீங்களே ஒரு அளவு சொல்லுங்க,” என்றார் காமராஜ். ராஜாராம் மறுபடி லென்ஸை எடுத்துக்கொண்டார். அதற்கென்று ஓர் அளவு கிடையாது என்பது அப்போதுதான் அத்தைக்குத் தெரிந்தது. அளவு என்று ஒன்று இருக்கிறது, இந்த மரத்தை அதில் வைத்துப் பார்க்கத்தான் பூவைக் கேட்கிறார்கள் என்று நினைத்தே அவர் செடிகளை அழுகவிட்டிருந்தார்.

“அடுத்து காய் பாக்கணும்,” என்றார்கள் இருவரும் ஒரே குரலில். “இன்னும் ஒரு வருஷம்.”

அத்தை மேலே பார்த்தார். மேகம் கூடிக்கொண்டிருந்தது.

“மொக்கையா, அருவாளக் கொண்டா.”

“அம்மா!” என்று எழுந்தார் ராஜாராம்.

“கெழக்குப் பக்கம் மட்டும் கழிடா. மேக்க ஒரு எல உதுரக்கூடாது. காயி அங்கன வரட்டும், ஏலம் இங்கன வரட்டும். வெரசா ஏறு.”

மாலையில் மொக்கையன் இறங்கி நின்று பார்த்தார். “முடி வெட்டுற கடையில பாதியில எந்திரிச்சு வந்த ஆளு மாதிரி இருக்கு ஆத்தா.”

கிழக்கே, மண்ணில் மிஞ்சிய கிழங்கு துளிர்த்துச் செடி பிழைத்தது. மேற்கே பெரணி மண்டியது, காயும் வந்தது. காயிலும் அவர்கள் ஒத்துப்போகவில்லை. எண்பதுகளில் அவர்களுடைய மாணவர்கள் வர ஆரம்பித்தார்கள். ராஜாராமின் மாணவர்கள் ரம்ப இலைக்காகக் கிழக்கே பறித்தார்கள், காமராஜின் மாணவர்கள் வழுவழு இலைக்காக மேற்கே. மரத்தின் பெயரைக் கேட்டால், “எந்தப் பக்கத்துக்கு?” என்பார் அத்தை.

வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் வாசலிலேயே கேட்டுவிடுவார்: “மேக்குப் பாதிய எப்பக் கழிக்கலாம்?” இன்னும் முடிவாகவில்லை என்பார்கள். அப்படிச் சொன்னவர்களுக்குத் தண்ணீர் மட்டும் கொடுப்பார்.