சித்திக்கு அருள்பாலித்த நீரூற்று

போன வாரம் மகன் நனைந்த ஷூவை ஹீட்டர் பக்கத்தில் காயப்போட்டிருந்தான். மனைவி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். நான் நின்று ஆசையாக முகர்ந்தேன். தப்பாக நினைக்காதீர்கள், எனக்கு அது ஒரு கல்யாணத்தின் வாசனை.

தொண்ணூற்றேழு என்று ஞாபகம். பிஸ்கட்டவே என்ற அமெரிக்க ஊரில் ஒரே அபார்ட்மென்ட்டில் நாங்கள் நாலு பிரம்மச்சாரிகள். அதில் ஈரோட்டுச் சரவணனுக்கு, கொஞ்சம் தள்ளிப் பார்சிப்பனி என்ற ஊரில் வேலை பார்த்த கவிதாவின் ஜாதகம் பொருந்தியிருந்தது. அவன் ஏற்கெனவே கவிழ்ந்துவிட்டான். அவளோ போனில் பிடிகொடுக்காமல் பேசினாள். அவள் சித்திதான் மாப்பிள்ளையைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு சிங்க்கைப் பார்த்தால் சம்பந்தமே முறிந்துவிடும் என்பதால், ஒரு கோட்டைப் பூங்காவில் சந்திக்க ஏற்பாடு.

அந்தக் காலத்துப் பணக்காரர் ஒருவர் ஆசைக்குக் கட்டிய பூங்கா. செயற்கை அருவி, குகை, அழகுக்காக இடிந்ததாகவே கட்டிய ஒரு கோட்டைச் சுவர். சரவணன் அதைப் பெருமையாக விளக்க, சித்தியின் முகம் சுருங்கியது.

"நல்ல காரியம் பேச இடிஞ்ச கோட்டைக்கா கூட்டியாருவாங்க?" என்றார்.

கவிதாதான் பேச்சை மாற்றி, பக்கத்தில் ஒரு மண்டபம் இருக்கிறது என்று அழைத்துப்போனாள். குளக்கரையில் வட்ட மண்டபம், நடுவில் குடமேந்திய கல் பெண்மணி. சித்தி பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றினார். அவர் கழற்றினால் நாங்கள் விடுவோமா? சித்தி வலம்வர, பின்னால் சரவணன், அவன் பின்னால் நான், கன்னத்தில் போட்டபடி. நாயோடு வந்த வெள்ளைக்காரர்கூடத் தொப்பியைக் கழற்றினார்.

திடீரென்று தரையிலிருந்து தண்ணீர் பீறிட்டது. கல்லுக்கடியில் குழாயை ஒளித்துவைத்து, ஆள் வந்ததும் திறந்துவிடுவது அந்தப் பணக்காரரின் குறும்பு. புதருக்குப் பின்னால் என் கண்ணில் பட்ட பூங்கா ஊழியர் அதை விசுவாசமாகத் தொடர்ந்துகொண்டிருந்தார். பட்டுப்புடவை, கழற்றிவைத்த ஷூ எல்லாம் தொப்பல். தொலைந்தது கல்யாணம் என்று நினைத்தேன்.

சித்தி கண்மூடிக் கைகூப்பினார். "ஆத்தா மனசு குளுந்துட்டா. இதுக்கு மேல என்ன சகுனம்? முகூர்த்தம் பாத்துரலாம்."

குழாயைப் பற்றிச் சொல்ல நான் வாயெடுத்தேன்.

"ப்ளீஸ், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் கவிதா, எனக்கு மட்டும் கேட்கும்படி.

அப்போதுதான் பார்த்தேன். அவள்மேல் ஒரு சொட்டுகூட இல்லை. தண்ணீர் பாயும் என்ற எச்சரிக்கைப் பலகைக்குப் பக்கத்தில், எட்டவே நின்றிருந்தாள். அவள் மனசு சரவணனுக்கும் புரிந்துவிட்டது. சொட்டச் சொட்ட நின்று இளித்தான்.

அதன்பின் ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் இருவரும் சித்தியை அங்கே அழைத்துப்போனார்கள். ஒரு முறை போனபோது குழாய்களை சிமெண்ட் போட்டு அடைத்திருந்தார்கள். சித்தி வெறுங்காலோடு காத்து நின்றார். "எம்மேல என்ன கோவமோ" என்று அவர் குரல் உடைந்தபோது, கவிதா பின்னாலிருந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் தலையில் தெளித்தாள். சித்தி சிரித்துவிட்டார்.

இப்போது சித்தியும் இல்லை. அந்தக் கல் பெண்மணி அங்கேயேதான் நிற்கிறாள், வெறும் சிலையாக.