நலங்கு மாவில் கலந்த முகப்பரு ஜெல்

மருந்தியலில் பட்டம் பெற்றுச் சிதம்பரத்தில் மருந்துக்கடை நடத்திய காலம் முழுவதும், மருந்தை மாற்றிக் கொடுத்தவன் என்று என்னை எவரும் சொன்னதில்லை. டாக்டர்களே சந்தேகம் கேட்டு எனக்கு போன் செய்வதுண்டு. கடையை மகனிடம் ஒப்படைப்பதற்குச் சற்று முன்பு அந்தப் பெயருக்கு ஆபத்து வந்தது.

கல்யாணப் பெண் ஒருத்தியைத் தாயும் அத்தையும் கடைக்கு அழைத்து வந்தார்கள். முகத்தை மூடியிருந்த துப்பட்டாவை அவள் விலக்கியதும் திகைத்துப் போனேன். முகமெல்லாம் தீப்பட்டதுபோல் சிவந்து, கன்னத்தில் தோல் உரிந்திருந்தது. தோல் டாக்டரின் சீட்டுப்படி, அடாபலீனும் பென்சாயில் பெராக்சைடும் சேர்ந்த பரு ஜெல்லை அவளுக்குக் கொடுத்தவன் நான்தான்.

"என்னா மருந்து சார் குடுத்தீங்க? அடுத்த வாரம் கடலூர்ல கல்யாணம். மாப்ள வூட்டுக்காரங்க பாத்தா என்னா சொல்லுவாங்க?" என்றார் தாய்.

"டேட்டு முடிஞ்சத தள்ளி உட்டுருப்பாரு," என்றார் அத்தை, கடையில் நின்றவர்கள் அனைவரும் கேட்கும்படி.

நான் பெண்ணிடம் கேட்டேன்: "மூச்சு வாங்குதாம்மா? உதடு, கண்ணு வீங்குச்சா?"

"இல்ல சார். எரிச்சல்தான் ஜாஸ்தி."

அப்போதுதான் அத்தையின் அரக்கு நிற முந்தானையைக் கவனித்தேன். விரல் துடைத்த இடமெல்லாம் வெளுத்திருந்தது. தாயின் புடவையிலும் அதே தடம். பென்சாயில் பெராக்சைடு துணியின் சாயத்தை வெளுத்துவிடும்.

"பொண்ணுக்குக் குடுத்த மருந்து உங்க கையில எப்படி வந்துச்சு?"

பெண்தான் சொன்னாள்: "நலங்கு மாவுல டியூப் முழுசும் பிதுக்கிக் கொழச்சிட்டாங்க சார். வந்தவுங்க எல்லாரும் ஆளுக்கொரு கை தேச்சாங்க. எரியுதுன்னேன். எரிஞ்சாதான் பரு அடங்கும், கம்முனு இருடின்னுட்டாங்க அத்த."

"மொகம் பளிச்சுனு இருக்கட்டுமேன்னுதான்..." என்று அத்தை இழுத்தார்.

"பளிச்சுனு ஆனது ஒங்க பொடவதான், அத்த."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஜெல்லை இரவில் மட்டும், கழுவி உலர்ந்த முகத்தில், பட்டாணி அளவு எடுத்து மெல்லியதாகப் பூச வேண்டும். கண், உதடு, புண் ஆகியவற்றில் படக் கூடாது. எலுமிச்சை, ஸ்கிரப் போன்றவற்றை அத்துடன் சேர்க்கக் கூடாது. பகலில் சன்ஸ்கிரீன் அவசியம். கர்ப்பிணிகளும் கருத்தரிக்க எண்ணுபவர்களும் முன்னதாகவே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இவ்வளவு கட்டுப்பாடுள்ள மருந்தை ஊரே கூடித் தேய்த்திருக்கிறது.

வெறும் தண்ணீரில் முகத்தைக் கழுவச் செய்து, ஜெல்லை நிறுத்தச் சொல்லி, உடனே டாக்டரிடம் அனுப்பினேன். சிவப்பு முற்றிலும் தணியாத முகத்தோடுதான் அவள் கழுத்தில் தாலி ஏறியது. அதன்பின் பரு மருந்து கொடுக்கும்போதெல்லாம், எதனோடும் கலக்கக் கூடாது, வேறொருவர் கை படக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லி வந்தேன்.

நான் காலாவதியான மருந்தைக் கொடுத்ததாகக் கடலூரில் சிலர் இன்றும் சொல்கிறார்கள். அந்த மருந்து காலாவதியாகவில்லை.