வீட்டைப் பார்க்காமல் தெருவைப் பார்த்த அம்மா

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது எங்கள் குடும்பம் ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கண்டிக்குக் குடிவந்தது. தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்த அப்பாவுக்கு நகரத்தில் அதே மாதிரி ஒரு வேலை கிடைத்திருந்தது. அதற்கு முந்தைய வருடம் தமிழர்களுக்கு எதிரான கலவரம் வந்து, தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருந்த சில லயங்களை எரித்துவிட்டுப் போயிருந்தது. பெரியவர்கள் அதைப் பிள்ளைகள் முன்னால் பேசுவதில்லை. நல்ல பள்ளிக்கூடத்துக்காகத்தான் போகிறோம் என்று என்னிடம் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

அப்பா முதலில் பார்த்து வைத்த வீடு வாவிக்கு மேலே, அமைதியான ஒரு தெருவில் இருந்தது. இரண்டு பக்கமும் ஆளுயர மதில்கள். எல்லா கேட்டுகளும் பூட்டியிருந்தன. உள்ளே பெரிய பெரிய நாய்கள். இதைவிடப் பாதுகாப்பான இடம் கண்டியிலேயே கிடையாது என்பது அப்பாவின் கட்சி. அம்மா வீட்டுக்குள் போகவில்லை. மூன்று வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவிலேயே அரைமணி நேரம் நின்றாள். பிறகு, "வேணாங்க" என்றாள்.

"ஏன், என்னா கொறச்சல்?"

"இவ்வளவு நேரமா நிக்கிறேன். யாருன்னு ஒரு ஆளு எட்டிப் பாக்கல. இங்க புள்ள கத்துனா ஒரு ஜன்னல்கூட தொறக்காது."

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த வீட்டை நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். அதைத்தான் அவள் எதிர்பார்த்தாளோ என்னவோ, மறு சனிக்கிழமையே தம்பியையும் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

இந்தத் தெரு மலைச்சரிவில் வளைந்து இறங்கியது. வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி உட்கார்ந்த மாதிரி நெருக்கமாக இருந்தன. எங்கே பார்த்தாலும் கொடிகளில் துணி. சுண்ணாம்பு உதிர்ந்த மூன்றாவது வீடுதான் வாடகைக்கு இருந்தது. அம்மா அதைத் தாண்டி மேலே போய் நின்று, என்னிடம் ஒரு சில்லறைக் காசைக் கொடுத்தாள்.

"கீழ கடை தெரியுதுல்ல? போயி ஒரு நெருப்புப்பெட்டி வாங்கிட்டு வா."

"நீங்க வரலையாம்மா?"

"தம்பி தூங்குறான்."

தம்பி கண்களை நன்றாகத் திறந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் இறங்கினேன். வேன் கழுவிக்கொண்டிருந்த ஒருவர், என் மேல் படாமல் தண்ணீர்க் குழாயை அந்தப் பக்கம் திருப்பினார். பந்து விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் நான் கடந்து போகும்வரை பந்து போடாமல் நின்றார்கள். துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு சிங்களப் பெண் படலையைத் திறந்து வெளியே வந்து, "அம்மா கோ?" என்றாள். அம்மா எங்கே என்று கேட்கிறாள் என்பது புரிந்தது. நான் மேலே கையைக் காட்டினேன்.

அங்கே அம்மா இல்லை.

அந்தப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்தாள். மெதுவாகத்தான் பிடித்தாள், ஆனால் விடவில்லை. அப்படியே என்னைக் கடைக்குக் கூட்டிப்போய் அரிசி மூட்டை மேல் உட்காரவைத்தாள். கடைக்காரர் தொப்பி போட்ட முஸ்லிம் பெரியவர். எல்லாரும் அவரை நானா என்று கூப்பிட்டார்கள்.

"நீங்க ஆருட புள்ள, மகள்?"

"அம்மா மேல நிக்கிறாங்க."

அவர் வெளியே வந்து பார்த்தார். "அங்க ஒருத்தரும் இல்லியே."

அவ்வளவுதான், நான் பெருங்குரலெடுத்து அழ ஆரம்பித்தேன். வேன் கழுவியவர் ஈரக் கையோடு ஓடிவந்தார். பையன்கள் இரண்டு பேர் மேலே தேடப் போனார்கள். மாடியிலிருந்து யாரோ என்னவென்று கேட்டார்கள்.

அப்போதுதான் வளைவில் ஒரு மதிலுக்குப் பின்னாலிருந்து அம்மா இறங்கி வந்தாள். அந்தப் பெண் அப்போதும் என் கையை விடவில்லை. அம்மாவைக் காட்டி, இவள்தானா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டிய பிறகுதான் விட்டாள். விட்ட கையோடு அம்மாவை ஏச ஆரம்பித்தாள். மூச்சுவிடாமல் சிங்களத்தில் வெகுநேரம் ஏசினாள். நானா சங்கடத்தோடு அதைச் சுருக்கிச் சொன்னார்.

"இந்த நோனா கேக்கிறா, வேன் வாற ரோட்டுல புள்ளைய தனிய விடலாமாண்டு. நீங்கல்லாம் ஒரு தாயாண்டும் கேக்கிறா."

அம்மா தலைகுனிந்து நின்றாள். நான் அவளுக்காக வெட்கப்பட்டேன். அப்புறம் பார்த்தால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மூணாவது வீட்டுக்கு நாங்கதான் வரப்போறோம்னு அவங்ககிட்ட சொல்லுங்க நானா."

"வூட்ட உள்ளுக்குப் பாத்தீங்களா?"

"இனிமேதான் பாக்கணும்."

நெருப்புப்பெட்டி வாங்காமல் திரும்பியதற்கு ஏச்சு விழும் என்று பஸ்ஸில் பயந்துகொண்டே வந்தேன். அதைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. கூரை ஒழுகுமா, குழாயில் தண்ணீர் ஏறுமா என்று அப்பா கேட்ட எதற்கும் அவளிடம் பதில் இல்லை. கூரை ஒழுகத்தான் செய்தது. ஆனால் நாங்கள் அங்கே இருந்த பதினோரு வருடத்தில், நானோ தம்பியோ அந்தத் தெருவில் விழுந்து, யாரும் தூக்காமல் தானாக எழுந்ததாக எனக்கு ஞாபகமில்லை. அதிகம் படிக்காத, சிங்களம் தெரியாத, முப்பது வயதுகூட ஆகாத ஒருத்திக்கு இப்படி ஒரு பரீட்சை வைக்கத் தோன்றியதே என்று இன்றைக்கும் வியக்கிறேன்.

ஏசிய பெண்ணை நான் நெந்தா என்று கூப்பிடப் பழகினேன். அத்தைக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். அவளுடைய கொல்லை எங்கள் கொல்லையை ஒட்டியிருந்தது. குடிவந்த மாதமே அவளும் அம்மாவும் சேர்ந்து நடுவேலியில் இரண்டு மரக்குச்சிகளைப் பிடுங்கினார்கள். பின்னேரங்களில் எங்களுக்கு ஒரு புது விளையாட்டு ஆரம்பமானது. அம்மா கைதட்டினால் நான் தம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த இடைவெளியில் புகுந்து, நெந்தாவின் குசினியைக் கடந்து, தேங்காய் போட்டு வைக்கும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். நெந்தா வந்து திறக்கும்வரை சத்தம் வரக்கூடாது. முடிந்ததும் ஆளுக்கொரு கொக்கிஸ் பலகாரம் கிடைக்கும்.

நான் சீக்கிரமே தேறிவிட்டேன். தம்பிதான் இருட்டுக்குள் போனதும் கெக்கலி கொட்டிச் சிரித்துவிடுவான். அம்மா மறுபடியும் முதலிலிருந்து கைதட்டுவாள். மறுபடியும் அவன் சிரிப்பான். ஒரு சின்னப் பையனின் சிரிப்புக்காக, பேச ஒரு பொதுமொழிகூட இல்லாத அந்த இரண்டு பெண்களும் ஏன் அப்படிப் பயத்தோடு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.