துடைக்கச் சொல்லும் கட்டளை

லியோனில்டாவைக் கெட்டவள் என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பொறாமைக்காரி என்றால் சரி.

அலென்தேஜோ சீமையில் எங்கள் ஊருக்குப் பதினான்கு வருடம் தபால் பை சுமந்தவள் அவள். முழங்கால் போனதும் நூலகத்தில் ஒரு மேசை கொடுத்தார்கள். அங்கே தானாகவே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, வியாழக்கிழமைதோறும் எங்களைப் போன்ற கிழடுகளை உட்கார வைத்து, புரோகிராம் போட்டுப் படத்தை நடக்கவிடச் சொல்லிக் கொடுத்தாள். எனக்கு எழுத்துத் தெரியாது. திரையில் அடுக்கும் கட்டளைக் கட்டைகளை நிறத்தை வைத்தே பிடித்துக்கொண்டேன்.

முதல் பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான்: பறவையைப் புது இடத்தில் வரையும் முன் திரையைத் துடைக்கச் சொல்லு. சொல்லாவிட்டால் பழைய பறவையும் போகாது, போன வழியெல்லாம் அப்பிக்கொண்டு நிற்கும். துடைக்கச் சொல்லும் அந்த நீலக் கட்டையை மறக்காதவர் எங்களில் யாருமில்லை.

வருடந்தோறும் மே மாதம் ஒரு ஞாயிறு, சாப்பாட்டுக்குப் பிறகு, ஊர் மன்றத்து ஜன்னல்களை அடைத்து எங்கள் படங்களைச் சுவரில் ஓட்டுவார்கள். முதல் படம் எப்போதும் லியோனில்டாவுடையது. அந்த வருடம் மன்றத் தலைவர், அல்பெர்தினாவின் படத்தோடு தொடங்கலாம் என்றுவிட்டார். ரொட்டி சுட்டே வயதானவள் அல்பெர்தினா. வகுப்புக்கு வந்து ஐந்தே மாதம்.

லியோனில்டாவுக்குக் காப்பி இறங்கவில்லை. என் வீட்டுக்கு வந்து, "மவுசைப் பிடிக்கவே நான்தான் அத்தை கத்துக் கொடுத்தேன்" என்றாள். அது உனக்குத்தானே பெருமை என்றேன். என் ரொட்டியைக் கிள்ளிக் கிள்ளித் தூளாக்கிவிட்டுப் போனாள்.

ஞாயிறு வந்தது. சுவரில் கறுப்பாய் ஒரு தகைவிலான் குருவி, கடுகளவு, அங்கும் இங்கும் அலைந்தது. வேறொன்றுமில்லை. பின்வரிசையில் ஒருவன் கொசுவா என்று கேட்க, மன்றமே சிரித்தது.

அல்பெர்தினா எழுந்தாள். "இது என் படமில்லை. நான் துடைக்கச் சொல்லவே இல்லை. குருவி போன தடந்தான் நம்ம ஊரு."

கம்ப்யூட்டரில் படங்கள் இருந்த பெட்டியைத் திறக்க லியோனில்டா ஒருத்திக்குத்தான் முடியும். தலைவர் நல்ல மனிதர். கட்டளை விட்டுப்போனதென்று டீச்சர் திருத்தியிருப்பார் என்று சமாதானம் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு தப்பியிருக்கலாம் அவள்.

"விட்டுப்போகலை," என்றாள் லியோனில்டா. "நேத்து ஓட்டிப் பார்த்தேன். அழகா இருந்துச்சு. பொறுக்கலை, நீலக் கட்டையை நான்தான் போட்டேன்."

நொண்டிக்கொண்டே கம்ப்யூட்டரிடம் போய் அந்தக் கட்டையை எடுத்து எறிந்தாள். குருவி மறுபடி பறந்தது. கூரை வந்தது, மணிக்கூண்டு வந்தது, அடுமனைப் புகைபோக்கி வந்தது.

முடிந்ததும் அல்பெர்தினா, "அடுத்தது உன்னோடதுடி, போடு" என்றாள்.

"இதுக்கப்புறமா? போடமாட்டேன்."

போடவும் இல்லை. வியாழக்கிழமை வகுப்பில் லியோனில்டாவே அல்பெர்தினா பக்கத்தில் போய் உட்கார்ந்து, மணிக்கூண்டின் வளைவு எப்படி வந்ததென்று கேட்டாள். முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.